ஐந்தாம் வீட்டின் சொந்த நிகழ்வு

பனிமேட்டுத் தோட்டத்தில் யாரும் சொல்லித் தராத, ஆனால் எல்லோரும் காக்கிற விதி ஒன்று உண்டு: பொறாமை என்ற சொல்லை வாயால் சொல்லக் கூடாது. பொறாமைப்படுவதற்குத் தடையில்லை. அந்த மலையில் தேயிலைக்கு அடுத்தபடியாகச் செழித்து வளர்வது அதுதான். தேயிலையாவது வெட்டிய பிறகு தளிர்க்க மழையை எதிர்பார்க்கும். ஆனால் அதன் பெயரைச் சொல்லுதல் பண்பன்று. பக்கத்து வீட்டுக்கு வந்த தகரக்கூரை தன் வீட்டுக்கு வரவில்லையென்றால், தோட்டத்து மனிதர் அலுவலகத்துக்குப் போய், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு விளக்கம் வேணும்" என்பார். விளக்கம் கேட்பது உரிமை, கௌரவமும்கூட. கோலாலம்பூரிலிருந்து வந்த புது அதிகாரிக்குச் சக்கரம் வைத்த நாற்காலி லோரியில் வந்திறங்கிய அன்று, முப்பது ஆண்டுகளாக மர நாற்காலியில் அமர்ந்திருக்கும் தலைமை எழுத்தரான பெரிய கிராணி சாமிநாதன் தலைமையகத்துக்கு அனுப்பியதும் விளக்கம் கோரும் கடிதமே. அதில் முதுகெலும்பு, பணிமூப்பு, ஈரக்காற்று ஆகியவை விரிவாகப் பேசப்பட்டன. அந்தச் சொல் ஓரிடத்திலும் இல்லை.

இந்த விதியை நுட்பமாகக் கடைப்பிடித்தவர்களில் குணாளனையும் ஆண்டியப்பனையும் முதலில் சொல்ல வேண்டும். இப்போது பனிமேட்டில் கொழுந்தைக் கையால் கிள்ளுவதில்லை. செடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று, நீண்ட கத்தி பொருத்திய இயந்திரத்தை நடுவில் பிடித்துக்கொண்டு நடப்பார்கள்; பின்னால் கட்டிய பை கொழுந்தால் உப்பிக்கொண்டே வரும். இருவரும் ஒரே உயரத்தில் பிடிக்க வேண்டும், ஒரே வேகத்தில் நடக்க வேண்டும், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடியே இருக்க வேண்டும். மணவாழ்க்கையில்கூட யாரையும் இவ்வளவு ஒத்துப்போகும்படி கட்டாயப்படுத்துவதில்லை. குணாளன் ஒரு முனை, ஆண்டியப்பன் மறுமுனை.

வேலை முடிந்தாலும் பிரிய வழியில்லை. பிரிஞ்சாங்கிலிருந்து கோலா தெர்லா போகும் சாலையில் நின்று பார்த்தால், ஒரே கூரையின் கீழ் ஆறு வீடுகள் வரிசையாக நிற்பது தெரியும். அதுதான் இரண்டாம் லயம். நான்காம் வீடு ஆண்டியப்பனுடையது. ஐந்தாம் வீடு குணாளனுடையது. நடுவில் ஒரு பலகைச் சுவர். அந்த வீட்டில் மீன் பொரித்தால் இந்த வீட்டுச் சோறு மணக்கும். மணக்கும் சோற்றைத் தின்றுகொண்டே குணாளன், "அவங்களுக்கு மட்டும் எப்படி வாரா வாரம் மீனு?" என்பார்.

"போய் விளக்கம் கேளுங்களேன்" என்பார் அவர் மனைவி ஜெயா.

இத்தகைய தோட்டத்துக்குத்தான் தலைமையகம் அந்தப் புது அதிகாரி லிங்கேஸ்வரனை அனுப்பிவைத்தது. பதவி: நிகழ்வு வடிவமைப்பாளர். குளிருக்குப் பழகாத மூக்கும், கழுத்தில் சுற்றிய கம்பளியும், எதையும் வட்டமாகவும் அம்பாகவும் வரைந்து காட்டும் கைகளும் அவருடையவை. வந்த வாரத்திலேயே தொழிலாளர் அனைவரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

"இதுவரை நம் கணினி, ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் வைத்திருந்தது. இது மிகப் பழைய பழக்கம்; ஆபத்தான பழக்கமும்கூட. ஒரு பொருள் எப்படி இருக்கிறது என்பது முக்கியமல்ல. அதற்கு என்ன நேர்ந்தது என்பதே முக்கியம். இனி நேர்ந்தவற்றை மட்டும் பதிவோம். அவற்றுக்கு நிகழ்வுகள் என்று பெயர். எந்த நிகழ்வையும் அழிக்க மாட்டோம், திருத்த மாட்டோம். எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து வரிசையாகக் கூட்டிப் பார்த்தால், அந்தப் பொருள் இப்போது எப்படி இருக்கிறது என்பது தானாகவே தெரிந்துவிடும்."

ஆண்டியப்பனின் மனைவி வேலம்மா கை தூக்கினார். "எட்டிப் பாத்தா தெரியாதா தம்பி?"

"தெரியலாம் அம்மா" என்றார் லிங்கேஸ்வரன் கனிவோடு. "ஆனால் அது ஆதாரமாகாது."

பிறகு அவர் பலகையில் ஒரு பெரிய வட்டத்தையும், அதனடியில் ஆறு சிறு வட்டங்களையும் வரைந்தார். பெரியது தாய், சிறியவை சேய்கள். லயம் தாய், வீடுகள் சேய்கள். தாய்க்கு ஒன்று நேர்ந்தால் தாயின் பெயரில் ஒரே ஒரு நிகழ்வு வெளியாகும். சேய்களுக்கும் அதுவே நேர்ந்ததாகக் கொள்ளப்படும். சிக்கனம், தூய்மை, அழகு.

சாமிநாதன் எழுந்து, தமக்கு ஒரு விளக்கம் தேவைப்படுவதாகச் சொன்னார். சேய்களுக்கென்று தனித்தனி நிகழ்வு வேண்டாமா? ஒரு லயத்தை மூடினால் ஆறு கதவுகள் அல்லவா மூடுகின்றன? ஒன்று என்று எழுதினால் மற்ற ஐந்தின் உழைப்பு எங்கே போகிறது? தலைமையகம் ஒவ்வொரு அலுவலகத்தையும் அது பதிந்த நிகழ்வுகளின் எண்ணிக்கையால் மதிப்பிடப்போகிறது என்ற செய்தி அவருக்கு முன்பே எட்டியிருந்தது. லிங்கேஸ்வரன் ஒன்று என்றதால்தான் சாமிநாதன் ஆறு என்றார் எனச் சிலர் பின்னர் பேசினர். அது முழு உண்மையன்று. சக்கர நாற்காலிக்கும் அதில் பங்குண்டு.

இருவரையும் துரை சமாதானப்படுத்தினார். துரை என்பது மேலாளரைக் குறிக்கும் பழைய சொல். மேலாளர்கள் மாறினார்கள், வெள்ளைக்காரர் போய்த் தமிழர் வந்தார், சொல் மட்டும் பங்களாவோடு சேர்ந்தே கைமாறிக்கொண்டிருந்தது. இந்தத் துரை அமைதி விரும்பி. அவர் எடுக்கும் முடிவுகளில் எப்போதும் இரண்டு பேருக்கு இடமிருக்கும், மூன்றாமவருக்குத்தான் இருக்காது. அவர் தீர்ப்பு இதுதான்: தாய்க்கும் நிகழ்வு உண்டு, சேய்க்கும் நிகழ்வு உண்டு. தாய் மூடியதைத் தாய் திறக்கும். சேய் தானாக மூடிக்கொண்டதைச் சேய்தான் திறக்க வேண்டும். ஒருவர் செய்ததை மற்றவர் தொடக் கூடாது.

எல்லோரும் கைதட்டினார்கள். குணாளனும் தட்டினார்.

தோட்டத்தின் முதல் சேய் நிகழ்வு அவர் வீட்டிலேயே பிறந்தது. கறையான் அரித்த கதவு நிலைக்கு மருந்தடிக்க ஆட்கள் வந்தபோது, சாமிநாதன் தாமே குடைபிடித்து வந்து, வாசலில் நின்றபடி கைப்பேசியில் பதிந்தார்: ஐந்தாம் வீடு மூடப்பட்டது; குடியிருப்போர் நீங்கினர். பதிந்ததைப் படமெடுத்துத் தலைமையகத்துக்கும் அனுப்பினார். மாலையில் மருந்து வாடை குறைந்ததும் குணாளனும் ஜெயாவும் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார்கள். அப்போது அலுவலகம் சாத்தியிருந்தது. அவர்கள் உள்ளே போனதை யாரும் பதியவில்லை. பதிய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

அதன் பிறகு மழைக்காலம். லயத்தின் பின்மேட்டில் ஒரு வெடிப்பு ஓடியது. மண் சரியுமோ என்று அஞ்சி லயத்தை மூடினார்கள்; தாயின் பெயரில் ஒரே நிகழ்வு. ஆறு குடும்பங்களும் ஆயாக் கொட்டகைக்குப் போயின. முன்பு தாய்மார்கள் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போன நீண்ட கூடம் அது. இப்போது கயிறு கட்டி, சேலைகளைத் தொங்கவிட்டு, ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக்கொண்டார்கள். மேட்டுக்குத் தடுப்புச்சுவர் எழும்பியது. லயத்துக்குப் புதுத் தகரம் போட்டு, சுவருக்கு மஞ்சள் சாயமும் அடித்தார்கள். ஒரு காலையில் 'லயம் திறக்கப்பட்டது' என்ற நிகழ்வு வெளியாயிற்று. அலுவலக வாசலில் மாட்டியிருந்த திரையில் வீடுகளுக்கான கட்டங்கள் பச்சையாயின. மூட்டை முடிச்சுகளோடு ஓடிய கூட்டத்தில் குணாளனும் இருந்தார். ஐந்து வீடுகளின் பூட்டு கழன்றிருந்தது. ஐந்தாம் வீட்டில் மட்டும் பூட்டு தொங்கியது.

"கிராணி, என் வீட்டுச் சாவி?"

சாமிநாதன் திரையைக் காட்டினார். பச்சைகளுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்பு.

"லயந்தான் தொறந்தாச்சில்ல?"

"தாயி தொறந்தாச்சு. தாயி மூடினத தாயி தொறக்கும். உன் வீடு அதுக்கு முன்னாலயே தானா மூடிக்கிச்சு. கறையான் மருந்து. மறந்துட்டியா?"

"அது அன்னிக்கி சாய்ங்காலமே உள்ள போய்ட்டோமே."

"போனீங்க. போனதுக்கு நிகழ்வு எங்க?"

"அதுக்கப்புறம் அங்கதான கிராணி இருந்தோம். நீங்ககூட வந்து டீ குடிச்சீங்க."

சாமிநாதன் முகம் வெளுத்தது. "மூடின வீட்டுலயா டீ குடிச்சேன்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். "அத யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காத."

"சரி. இப்ப தொறந்துட்டதா எழுதிக்கங்க."

"யார் கேட்டு எழுதுறது?"

"நான்தான் கேக்குறேன்லா."

"நீ யாரு? 'குடியிருப்போர் நீங்கினர்'னு இருக்கு. குடியிருக்காத ஆளு எப்படிக் கேக்க முடியும்? வீடுதான் கேக்கணும்."

"வீடு எப்படி கிராணி கேக்கும்?"

"அதத்தான் குழுவுல பேசிக்கிட்டு இருக்கோம்" என்றார் சாமிநாதன். பிறகு, இத்தனை ஆண்டுப் பழக்கத்தின் பொருட்டு, குரலைத் தணித்து இன்னொன்றும் சொன்னார். பள்ளி விடுமுறை தொடங்கும்போதும் மூடிக்கிடக்கும் வீடுகளைத் தோட்ட வாழ்க்கையை அனுபவிக்க வரும் சுற்றுப்பயணிகளுக்கு விடுதியாக்க நிர்வாகம் முடிவு செய்திருந்தது. கோலாலம்பூர்க் குடும்பங்கள் வந்து, லயத்து வீட்டில் படுத்து, காலையில் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துத் தின்பார்கள். "அதுக்குள்ள உன் வீடு கேட்டுடுச்சின்னா நல்லது."

குணாளனுக்கு வேறு வீடு கிடையாது. அவர் திருமணம் முடித்துக் குடிபுகுந்ததும் அங்கேதான், ஜெயா சீமைச் சாமந்தி நட்டு வளர்த்ததும் அந்த வாசலில்தான். ஆகவே அவருக்கு அச்சம் வந்திருக்க வேண்டும். வரவும் செய்தது, ஆனால் அதற்கு முன்பாகவே வேறொன்று வந்து இடம்பிடித்துக்கொண்டது.

மறுநாள் இயந்திரத்தின் இரு முனைகளிலும் அவர்கள் நின்றார்கள்.

"வீடு எப்படிண்ணே இருக்கு?" என்றார் குணாளன்.

"என்னா வீடு போ. புது தகரம். மழை பேஞ்சா சத்தம் காதப் பொளக்குது. ராவெல்லாம் தூக்கமே இல்ல" என்றார் ஆண்டியப்பன், தூங்கித் தெளிந்த முகத்தோடு.

குணாளனின் முனை ஒரு சாண் உயர்ந்தது. வெட்டு சரிந்தது, செடியின் ஒரு பக்கம் மொட்டையாயிற்று.

"சாயத்துல வேற ஒரே வாடை" என்று தொடர்ந்தார் ஆண்டியப்பன். "ஆனா உனக்கென்னாப்பா. சொந்த நிகழ்வு வச்சிருக்க. ஆபீஸு டிவியில உன் வீடு தனியா செவப்பா தெரியுது. நாங்கல்லாம் தாயோட ஒட்டிக்கிட்டு பச்சையா கெடக்குறோம், ஒரு பயலும் பாக்க மாட்டேங்குறான். கோலாலம்பூர்க்காரரு சேத்துல எறங்கி உன்னத் தேடி வர்றாரு. எம் பேரு அவருக்கு என்னான்னே தெரியாது."

இப்போது ஆண்டியப்பனின் முனை உயர்ந்தது. அந்த வாரம் முழுவதும் பனிமேட்டுச் செடிகள் இருபுறமும் மாறி மாறிச் சரிந்து, அலைபோல் கிடந்தன. சாலையில் போன சுற்றுப்பயணிகள் வண்டியை நிறுத்திப் படமெடுத்தார்கள்.

சாமிநாதன் சொன்ன தாய்–சேய் நிலைமாற்றக் குழு குணாளனைச் சேய்த் தரப்பாக அழைத்திருந்தது. லிங்கேஸ்வரன் நாற்காலியில் இடமும் வலமும் உருண்டபடி வரவேற்றார். சாமிநாதன் அந்தச் சக்கரங்களைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். தேநீர் வந்தது, தோட்டத்துத் தூளில்லை, கடையில் வாங்கிய பொட்டலம்.

"சேய் திறக்கப்பட்டால் அது தாய்க்குத் தெரிய வேண்டுமா என்பது முதல் கேள்வி" என்றார் லிங்கேஸ்வரன். "தெரிய வேண்டுமென்றால், 'தாய்க்கு அறிவிக்கப்பட்டது' என்று ஒரு நிகழ்வு வேண்டும். அறிவிப்பு தாயை அடைந்ததற்கு இன்னொன்று. தாய் அதை ஏற்றதற்கு மற்றொன்று."

"தாய் ஏத்துக்கிட்டது சேய்க்குத் தெரியணும்ல?" என்றார் சாமிநாதன் ஆர்வத்தோடு. "அதுக்கு ஒண்ணு."

"அது தாயின் கணக்கா, சேயின் கணக்கா?"

"சேய் கணக்குத்தான். சேய் நிகழ்வெல்லாம் என் அலுவலகத்துக்கு வரும்."

"தாயிடமிருந்து புறப்பட்டது எப்படி உங்களுக்கு வரும்? எனக்கு ஒரு விளக்கம் வேண்டும்."

அதற்குப் பிறகு வெகுநேரம் அந்தக் கூட்டத்தில் ஐந்தாம் வீடு பேசப்படவில்லை. கடைசியில், சுவரோரம் அமர்ந்திருந்த குணாளன் இருமினார். "சார், நானும் என் வீட்டுக்காரியும் சாவியப் போட்டு உள்ள போயிட்டோம்னா முடிஞ்சிடும்."

லிங்கேஸ்வரன் அவரை இரக்கத்தோடு பார்த்தார். "ஐயா, வீட்டுக்குள் போவது எளிது. யார் வேண்டுமானாலும் போகலாம், மாடுகூடப் போகும். போனதைச் சரியான இடத்தில், சரியான தாயின் கீழ் வைப்பதுதான் நாகரிகம். உங்கள் வீட்டால் நாங்கள் எவ்வளவு கற்றுக்கொண்டோம் தெரியுமா? அது திறந்துவிட்டால் எங்களுக்கு எடுத்துக்காட்டே இல்லாமல் போய்விடும்."

குணாளன் கொட்டகைக்குத் திரும்பியபோது மழை பிடித்திருந்தது. பழைய கூரை இரண்டு மூன்று இடங்களில் ஒழுகியது. ஜெயா வாளிகளை நகர்த்திக்கொண்டிருந்தார். எதிரே மேட்டில் மஞ்சள் சுவருக்கு மேல் புதுத் தகரம் நனைந்து மின்னியது. நான்காம் வீட்டில் விளக்கு எரிந்தது. மீன் பொரியும் வாடை இங்கே வர வாய்ப்பில்லை, தூரம் அதிகம். ஆனாலும் குணாளனுக்கு வந்தது.

"கறையான் மருந்தடிச்ச அன்னிக்கி, பலகைச் செவுரு வழியா அவங்க வீட்டுக்கும் மருந்து போச்சில்ல?" என்றார்.

"போச்சு. வேலம்மாக்கா இருமிக்கிட்டே வெளிய ஓடியாந்தாங்க. அதுக்கென்னா இப்ப?"

"அவங்களும் வெளிய போனாங்க. அவங்க வீடும் மூடிக் கெடந்துச்சு. அதுக்கு மட்டும் ஏன் நிகழ்வு இல்ல?"

ஜெயா வாளியைக் கீழே வைத்தார். "கேக்குறதா இருந்தா நம்ம வீட்டக் கேளுங்க. அவங்க வீட்ட எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மா ஒரு விளக்கந்தான்" என்றார் குணாளன்.

அந்த விளக்கம் அலுவலகத்தில் திருவிழாபோல் வரவேற்கப்பட்டது. லிங்கேஸ்வரனும் சாமிநாதனும் ஒத்த கருத்துக்கு வந்தது அதுவே முதல் முறை. நேர்ந்தும் பதியப்படாத நிகழ்வு. கடந்தகாலத்திலிருந்து எதையும் கழிக்க முடியாது, ஆனால் சேர்க்கத் தடையில்லை. கறையான் மருந்தடித்த அன்றைய நிலவரப்படி நான்காம் வீடும் மூடப்பட்டதாகப் பதிந்தார்கள், குடியிருப்போரும் நீங்கினர். தாய்க்கு முன்பே சேய் தானாக மூடிக்கொண்டதால், தாய் திறந்தது செல்லாமற் போயிற்று. திரையில் இன்னொரு கட்டம் சிவந்தது. மாலையில் ஆள் போய்ப் பூட்டினான்.

தொலைக்காட்சிப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு ஆண்டியப்பன் கொட்டகைக்கு வந்தார். பின்னால் வேலம்மா, தலையில் சட்டிப்பானைகளோடு. சேலைத் திரைக்கு அந்தப் பக்கம் பாய் விரிக்கும் ஓசை கேட்டது. குணாளன் லயம் மூடியதிலிருந்து அன்றுதான் நன்றாகத் தூங்கினார்.

அடுத்த நாள் இருவரும் இயந்திரத்தைச் சம உயரத்தில் பிடித்தார்கள். வெட்டு மேசைப்பலகைபோல் அமைந்தது. துரை மோட்டார் சைக்கிளை நிறுத்தி, அந்த ஒற்றுமையைச் சற்று நேரம் நின்று பார்த்தார்.

"யாரோ விளக்கம் கேட்டிருக்கான் குணா" என்றார் ஆண்டியப்பன், துரை போன பிறகு.

"அப்படியாண்ணே?"

"கேக்கட்டும். இப்ப டிவியில என் வீடும் தனியா தெரியுதுல்ல." கொஞ்ச தூரம் நடந்தார்கள். "ஆனா மூணாம் வீட்டுலதான் சன்னல் தொறந்தே கெடந்துச்சு. அங்க மருந்து போகலன்னு எவன் சொன்னான்?"

மூன்றாம் வீடு அந்த வாரமே சிவந்தது. மூன்றாம் வீட்டார் இரண்டாம் வீட்டைப் பற்றி விளக்கம் கேட்டனர். இரண்டாம் வீட்டார் முதல் வீட்டைப் பற்றி. ஆறாம் வீட்டாரைப் பற்றி எல்லோரும் சேர்ந்து கேட்டார்கள், ஏனெனில் அவர்கள் மட்டும் உள்ளே இருந்தார்கள். இருமல் வந்தது, வாடை வந்தது, வந்ததாகக் கனவு வந்தது ஆகிய அனைத்தும் நிகழ்வுகளாயின. ஒவ்வொரு முறையும் சாமிநாதன் பதிந்தார். லிங்கேஸ்வரன் அம்பு வரைந்தார். இறுதியில் திரையில் ஓர் அரிய காட்சி நிலைத்தது: சேய்கள் ஆறும் மூடியிருந்தன, தாய் மட்டும் திறந்திருந்தது. உள்ளே போக ஒரு கதவுகூட இல்லாத, முழுமையாகத் திறந்த ஒரு லயம்.

தலைமையகம் வியந்தது. இத்தனை குறைந்த காலத்தில் இத்தனை நிகழ்வுகளை வேறெந்தத் தோட்டமும் பதிந்ததில்லை. பனிமேட்டுக்கு ஒரு கேடயம் அறிவிக்கப்பட்டது. விழாவுக்கு ஏற்ற பெரிய கூடம் ஆயாக் கொட்டகைதான் என்பதால், சேலைத் திரைகளை அவிழ்த்து, பாய்களைச் சுருட்டி, பானைகளை வெளியே மழைச்சாரலில் அடுக்கச் சொன்னார்கள். அங்கே குடியிருந்தவர்கள் பார்வையாளர்களாகத் தங்கள் இடத்திலேயே அமர்ந்தார்கள்.

லிங்கேஸ்வரன் முதலில் பேசினார். "ஒரு லயத்தின் மூடலை ஒரே நிகழ்வாக எழுதியிருந்தால், நண்பர்களே, நாம் இன்று எங்கே இருந்திருப்போம்? எல்லோரும் அவரவர் வீட்டில் இருந்திருப்போம். அறிவு வளர்ந்திருக்காது."

சாமிநாதன், ஆறு சேய்களுக்கும் தனி நிகழ்வு வேண்டுமென்று முதன்முதலில் சொன்னவர் யார் என்பதை வரலாறு மறக்காது என்றார். அவருக்கும் ஒரு சக்கர நாற்காலி வந்திருந்தது. அதைக் கொட்டகைக்கே உருட்டி வந்திருந்தார். லிங்கேஸ்வரனுடையதில் கைப்பிடிக்கு மெத்தை இருந்ததை அவர் அப்போதுதான் கவனித்தார். உரையின் பிற்பகுதியில் அவர் குரல் சற்றே தளர்ந்தது.

துரை கேடயத்தை உயர்த்திப் பிடித்தார். "நாங்கள் யாரையும் வெளியேற்றவில்லை. இதை நான் பெருமையோடு சொல்கிறேன். நிர்வாகம் மூடியது ஒரு முறை. திறந்தது ஒரு முறை. மற்ற மூடல்கள் எல்லாம் நீங்களே கேட்டுப் பெற்ற விளக்கங்கள். இதைவிட மக்களாட்சி எங்கே இருக்கிறது? பள்ளி விடுமுறை நாளை தொடங்குகிறது. ஆறு வீடுகளும் விடுதியாகின்றன. விருந்தினர்கள் வருவார்கள், நம் வாழ்க்கையை அவர்கள் வாழ்ந்து பார்ப்பார்கள். நீங்கள் இந்தக் கொட்டகையில் நிரந்தரமாகவே தற்காலிகமாக இருந்துகொள்ளலாம். இவ்வளவுதான். யாருக்கேனும் விளக்கம் வேண்டுமா?"

கேட்க ஒன்றும் மிஞ்சவில்லை. யாரிடமும் எதுவும் இல்லாதபோது பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து என்ன கேட்பது? ஆண்டியப்பன் குணாளனைப் பார்த்தார். குணாளன், ஆண்டியப்பன் சுருட்டி வைத்திருந்த பாயைப் பார்த்தார். அது தம்முடையதைவிட அகலமாக இருப்பதாக அவருக்குப் பட்டது. கை தூக்கலாமா என்று யோசித்தார்.

அதற்குள் ஜெயா எழுந்துவிட்டார்.

"சொல்லுங்கம்மா" என்றார் துரை. "என்ன விளக்கம்?"

"விளக்கம் ஒண்ணும் வேணாம் துரை. எனக்குப் பொறாமையா இருக்கு."

முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டார். லிங்கேஸ்வரனின் பேனா தாளின்மேல் நின்றது. இது தாய்க்கா சேய்க்கா என்று அவருக்கு உடனடியாகப் புலப்படவில்லை. எல்லாத் தலைகளும், பழக்கத்தின் காரணமாக, வேலம்மாவின் பக்கம் திரும்பின.

"அக்காவ ஏன் பாக்குறீங்க? அவங்ககிட்ட என்னா இருக்கு, நான் பொறாமைப்பட? எனக்கு ஒங்க மேலதான் துரை பொறாமை. ஆத்திரமில்ல, நியாயம் கேக்கல, பொறாமை. போன மாசம் பல்லு வலின்னு ஈப்போவுக்குப் போனீங்க. பங்களா பூட்டிக் கெடந்துச்சு. வந்தீங்க, சாவியப் போட்டீங்க, உள்ள போயி படுத்துட்டீங்க. பங்களா யாரையும் கேக்கல. குழு உக்காரல. நான் இந்த வாசல்ல, வாளிய வச்சிக்கிட்டு நின்னு பாத்தேன். வயிறு எரிஞ்சிச்சு."

"ஜெயா, உக்காரு" என்றார் குணாளன், பாயைப் பிடித்துக்கொண்டு.

"நீங்க சும்மா இருங்க. இத்தன நாளா பக்கத்து வீட்டப் பாத்துப் பாத்து இங்க வந்து கெடக்குறோம். ஒரு தரமாவது மேல பாத்தீங்களா?" அவர் மேடையருகே போனார். சாமிநாதனின் இடுப்பில் ஆறு வீடுகளின் சாவிக்கொத்து தொங்கியது. நாற்காலியின் சக்கரங்கள் தாமாகவே ஓரடி பின்வாங்கின. ஜெயா உள்ளங்கையை நீட்டினார்.

"எனக்கும் அது மாதிரி வேணும் கிராணி. பொறாமையிலதான் கேக்குறேன், வேற காரணம் கெடையாது. சாவியக் குடுங்க. நான் போயி தொறந்துட்டேன்னா, அப்புறம் நீங்க எழுதிக்கங்க."